எடுக்காமல் தூக்கிக் கட்டியது

பாபநாசத்தில் குளித்துவிட்டு ஈரத்துணி வாளியோடு படியேறும்போதுதான் அது முதல் தடவை வெளியே வந்தது. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது, மகளுக்கு இரண்டு. பிரசவத்தில் அவளை ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். பெற்ற இருபதாம் நாளே பேட்டையில் மாமியார் வீட்டில் தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தேன். சுமக்க வைத்தார்கள் என்று சொல்வதுதான் சரி. தொடைகளுக்கு நடுவே உருண்டையாக ஏதோ தட்டுப்பட, படியிலேயே உட்கார்ந்து கணவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார், யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று.

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கிடலாம். இப்ப எந்திரி."

வீட்டுக்குப் போய்ப் பேச எட்டு மாதமாயிற்று. அதுவரை துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பாளையங்கோட்டையில் என் அலுவலகத்துக்குப் போய், நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்து தட்டச்சு அடித்தேன். மாமியாரிடம் சொன்னபோது, "பிள்ளை பெத்தவளுக்கு எல்லாம் இருக்கதுதான்" என்று முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

பிறகு பெரிய டாக்டர். ஊரெல்லாம் அவரைக் கைராசிக்காரர் என்றது. அரை நிமிடம் பார்த்தார். நான் கட்டிலில் கால்களை மடக்கியபடி கிடக்க, திரைக்கு அப்பால் நின்ற என் கணவரிடம் பேசினார்.

"கர்ப்பப்பை இறங்கிருக்கு. எடுத்துருவோம்."

"சரிங்க டாக்டர்."

இரண்டு ஆண்களும் அவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போனதை நான் வேறெந்த விஷயத்திலும் பார்த்ததில்லை. எடுக்காமல் சரிபண்ண வழியில்லையா என்று கட்டிலில் இருந்தே கேட்டேன். டாக்டர் சிரித்தார். "அதை வச்சு என்னம்மா செய்யப்போறே?" அவருடைய வழுக்கைத் தலையை வைத்து அவர் என்ன செய்கிறார் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. பாவாடையைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன். அந்தக் கோழைத்தனத்துக்காக என்மேல் இன்றைக்கும் எனக்கு மரியாதை இல்லை.

என்னோடு வேலை பார்த்தவள் சொல்லி, நாகர்கோவிலில் ஒரு பெண் டாக்டரிடம் தனியாகப் போனேன். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். என்னை உட்காரவைத்து, மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டார்.

"எடுக்காமச் செய்ய மூணு வழி இருக்கு. ஒண்ணு, கீழ் வழியாவே செய்யுறது. வயித்துல தையல் இருக்காது. ஆனா கர்ப்பப்பை வாயில கொஞ்சம் வெட்டணும், அப்புறம் கரு தங்கச் சிரமப்படலாம். இன்னொண்ணு, அடிவயித்துல சின்னதாக் கீறி, நாடா வச்சு கர்ப்பப்பையை மேலே இழுத்துக் கட்டுறது. வாயைத் தொட மாட்டோம். மூணாவதும் அதே நாடாதான், ஆனா கேமராக் குழாய் விட்டு, சின்ன ஓட்டைங்க வழியாச் செய்யணும். சீக்கிரம் எழுந்து நடக்கலாம். மதுரையில ஆரம்பிச்சிருக்காங்க. எனக்கு அதுல பழக்கமில்ல."

"எதைச் செஞ்சா திரும்ப இறங்காது?"

"உத்தரவாதம் எதுக்கும் இல்லம்மா."

பழக்கமில்லை என்றும் உத்தரவாதம் இல்லை என்றும் ஒரு டாக்டர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. இன்னொரு பிள்ளை வேண்டும் என்ற ஆசை இருந்ததால் கீழ் வழி வேண்டாம் என்றேன். மதுரையில் போய்ப் படுத்தால் கூட இருக்க ஆள் கிடையாது. அவர் கையாலேயே நாடா கட்டச் சொன்னேன். கணவரிடம் தேதியை மட்டும் சொன்னேன். கையெழுத்துப் போட வந்தார், போட்டுவிட்டுப் போனார்.

நான் வீடு திரும்புவதற்குள் எனக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். அப்பெண்டிக்ஸ் கௌரவமான உறுப்பு. எதற்கும் பயன்படாததால் அதைப் பற்றி மாமனார் முன்னாலும் பேசலாம். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நாங்குநேரியிலிருந்து வந்த கணவரின் பெரியம்மா மட்டும் என்னையே உற்றுப் பார்த்தார்.

"ஏளா, அப்பெண்டிக்ஸ்னா வலப்பக்கம்லா வெட்டுவாவோ? நீ என்ன நடுவயித்தப் பிடிச்சிட்டு இருக்கே?"

"அப்பெண்டிக்ஸ் இல்ல பெரியம்மா. கர்ப்பப்பை இறங்கிட்டு. தூக்கிக் கட்டிருக்காவோ."

மாமனார் பேப்பரை மடித்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கணவருக்குத் திடீரென்று கடையில் வேலை வந்தது. மாமியார் என்னை முறைத்தார். பெரியம்மா நகர்ந்து என் கட்டிலில் உட்கார்ந்து, "எடுக்காமலே சரியாக்க முடியுமாளா?" என்று பையக் கேட்டார். எத்தனை வருஷமாக என்று கேட்டேன். அவருடைய கடைசி மகன் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். அவன் பிறந்ததிலிருந்தாம். டாக்டரின் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். போனாரா என்று தெரியாது.

நாடா நின்றது. மூன்று வருடம் கழித்து இரண்டாவது மகள் பிறந்தாள், வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள். பெயர் வைக்கிற அன்று, வந்தவர்களிடம் என் கணவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "பெரிய டாக்டர் எடுக்கணும்னுதான் சொன்னார். நான்தான் விடல."

பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. அதனால் நான் எழுந்து போய் உள்ளதைச் சொல்லவில்லை.