அப்பா அடித்த நான்கு வரிகள்

அப்பாவின் சிவப்புப் பேனாவை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம்தான் வருகிறது. யார் மேல் என்பது மட்டும் மாறிவிட்டது.

மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் ஒன்றில் இருந்தோம். பத்தாவது வரை படித்த அப்பா தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்தார். என் கட்டுரைகளைத் திருத்தும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். பாதியை அடித்துவிட்டு 'அன்பின் ஊற்று', 'தியாகத்தின் சிகரம்' என்று நிரப்புவார். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவோ, கொழுந்தெடுத்துவிட்டு வந்து, காலில் அட்டை கடித்த இடத்தைத் துடைத்தபடியே நான் வாசிப்பதைக் கேட்பாள்.

"மழன்னா எப்படி மழ? சாரலா, அடிச்சு ஊத்துச்சா? அத எழுதுட்டி" என்பாள்.

ஐந்தாம் வகுப்பில், பள்ளி ஆண்டு விழா மேடையில் 'என் அம்மா' என்று எழுதி வாசிக்க வேண்டும். அந்த வாரம்தான் அம்மா சரிவில் வழுக்கி விழுந்திருந்தாள். முழங்கால் வீங்கிவிட்டது. "நடிக்காம எந்திரி, வரிசைய முடிச்சிட்டுப் போ" என்று சூப்பர்வைசர் அதட்டியதை அப்படியே எழுதினேன். அம்மா சொன்னதுதான், ஒரு சொல்கூட நான் சேர்க்கவில்லை.

அந்த நான்கு வரிகளையும் தாள் கிழியும்படி அடித்தார் அப்பா.

"நெசந்தானப்பா அது?"

"நெசம்னா எழுதிருவியா? வாய மூடிட்டு நான் எழுதினத மனப்பாடம் பண்ணு."

அம்மா அடுப்பைப் பார்த்தபடி இருந்தாள். அவள் எனக்காக ஒரு வார்த்தை பேசாததுதான் என்னை அதிகம் சுட்டது.

விழாவன்று அப்பாவின் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, நான் எழுதியதைச் சொன்னேன். அடித்த வரிகளை இன்னும் உரக்கச் சொன்னேன். முன்வரிசையில் எஸ்டேட் மேனேஜரும் அந்தச் சூப்பர்வைசரும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கைதட்டவில்லை. அப்பா எழுந்து வெளியே போனார். அம்மாவைத் தெய்வம் என்று வாசித்த ஒருத்திக்குப் பரிசு கொடுத்தார்கள்.

அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அம்மாவை மேல்காட்டுக்கு மாற்றினார்கள். ஒரு மணி நேரம் செங்குத்தாக ஏற வேண்டும். காலை ஷிப்டுக்கு முன்னால், அவளுடைய சாக்கையும் கொழுந்து வெட்டும் கத்தரியையும் தோளில் போட்டுக்கொண்டு அப்பா பாதி மலை வரை கூடவே போனார். பின்னால் அம்மா நொண்டி நொண்டி ஏறினாள்.

ஜன்னலில் நின்று பார்த்த எனக்கு ஆத்திரம் பொங்கியது. பரிசை இழந்தவள் நான். என்னைச் சமாதானப்படுத்த இந்த வீட்டில் ஒருவருமில்லை. அம்மா ஏன் அவ்வளவு தூரம் ஏறிப் போகிறாள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.