கரண்டிக் காம்புக்குத் தாழை மடல்

ஞாயிறு காலை ஆறரைக்கு மாடம்பாக்கத்தில் வீட்டைப் பூட்டினோம். நானும் என் மனைவி மல்லிகாவும். போக வேண்டிய இடம் கோவளம். கொண்டுவர வேண்டியது தாழை மடல். கடலோரப் புதரில் வளரும், ஓரமெல்லாம் முள் வைத்த நீள இலை.

எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு மோட்டார் காயில் கட்டும் தொழில். பொழுதுபோக்கு, மரம் கடைவது. பழைய வாஷிங் மெஷின் மோட்டாரை வைத்து நானே ஒரு லேத்து செய்தேன். மரத்துண்டு சுற்றும். உளியைக் காட்டினால் உருண்டையாகும். பம்பரம், குங்குமச் சிமிழ், மத்து என்று எதையாவது கடைந்து தெருவில் கொடுத்துவிடுவேன்.

மல்லிகா தெருமுனையில் தள்ளுவண்டியில் தோசை போட்டுக்கொண்டிருந்தாள். போன வருஷம் பக்கவாதம் வந்தது. கால் சரியாகிவிட்டது. வலது கை பாதிதான் சரியானது. விரல் மடங்கும். ஆனால் தொட்டது தெரியாது. பிடித்ததும் தெரியாது, விட்டதும் தெரியாது. மாவுக் கரண்டி நழுவிக்கொண்டே இருந்தது. வண்டியை ஷீட் போட்டு மூடிவிட்டோம்.

கரண்டிக்குத் தடித்த காம்பு ஒன்று கடைந்தேன். ஏரிக்கரையில் காற்றுக்கு விழுந்த பூவரசங்கிளை. நல்ல மரம், உளிக்கு அடங்கி வரும். ஆனால் சும்மா விட்டால் மாவு ஊறிக் கறுத்துப் போகும். தேங்காய் எண்ணெய் தடவினேன். சில நாளில் சிக்கு வாடை வந்தது. ஆளிவிதை எண்ணெய் தடவினேன். காயவே இல்லை.

"இது கைக்குப் பிடியா, ஈ புடிக்கவா?" என்றாள் மல்லிகா.

அதைச் சுரண்டிவிட்டு அரக்குக்குப் போனேன். மரம் சுற்றும்போது அரக்குக் குச்சியை அழுத்தினால் சூட்டில் உருகிப் பிடித்துக்கொள்ளும். அதைப் பரப்பித் தேய்க்கத் துணியை வைத்தேன். துணி ஒட்டிக்கொண்டது. வாழை மட்டையை வைத்தேன். அரக்கு மீன் செதில் மாதிரித் திட்டுத்திட்டாக நின்றது. பிறகுதான் செல்போனில் ஒரு பொம்மைக்காரர் கடைவதைப் பார்த்தேன். அவர் தாழை மடலால் தேய்த்தார். கண்ணாடி போல் ஆனது.

தாம்பரத்தில் கேளம்பாக்கம் வழியாகப் போகும் பஸ் கிடைத்தது. சாதா பஸ், பெண்களுக்கு இலவசம். எனக்கு மட்டும் டிக்கெட் எடுத்தேன். கையில் எப்போதும் எதையாவது பிடித்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள் ஆஸ்பத்திரியில். அவள் அந்தக் காம்பையே கொண்டுவந்திருந்தாள். வண்டலூர் தாண்டி பஸ் கிழக்கே திரும்பியது. கண்டிகை வளைவில் டிரைவர் பிரேக் போட்டார். காம்பு விழுந்து முன்பக்கம் உருண்டோடியது. கைமாறிக் கைமாறித் திரும்பி வந்தது.

கண்டக்டர் பார்த்தார். "யாரும்மா அது, பூரிக்கட்டய எட்துகினு பஸ் ஏறினது? பக்கத்துல சாரு பயந்துகினு குந்திகினு கீறாரு."

"அவரே செஞ்சு குட்த்தாரு சார். நா இன்னா பண்ண?" என்றாள் மல்லிகா.

பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மாம்பாக்கம் வருவதற்குள் இன்னும் இரண்டு தடவை விழுந்தது. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தோசக்கல்லுல விழுந்தா யாரு எட்து குடுப்பாங்க?" என்றாள்.

நான் காம்பைத் துடைத்து அவள் மடியில் வைத்தேன்.

"வண்டிய கேட்டுகினு ஒரு ஆளு வந்தாரே. குட்த்துடலாமாய்யா?"

"பாக்கலாம்" என்றேன்.

கேளம்பாக்கத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ. ஆளுக்கு முப்பது ரூபாய். உப்பங்கழிப் பாலம் தாண்டும்போது காற்று மாறிவிடுகிறது. ஈரமும் உப்பும் சட்டையில் ஒட்டும். கோவளத்தில் இறங்கும்போது மணி ஒன்பது. படகுகள் கரைக்கு வந்துவிட்டன. வலை உதறிக்கொண்டிருந்தார்கள்.

டீக்கடையில் தாழைப் புதர் எங்கே என்று கேட்டேன். இருந்த இடத்தில் எல்லாம் வீடு வந்துவிட்டது என்றார்கள். மீன் கூறு வைத்திருந்த ஒரு அம்மாவைக் காட்டினார்கள். பெயர் கன்னியம்மா.

"தாழம்பூவா? இப்ப கெடைக்காது" என்றாள்.

"பூ வேணாம்க்கா. மடல்தான்."

அவள் என்னைப் பார்த்தாள். மல்லிகாவைப் பார்த்தாள். "ஏம்மா, பொண்டாட்டிய இம்மாந் தூரம் இட்டுகினு வந்து, பூ வேணாம் எல போதும்ன்றாரே. இன்னா ஆளுமா உன் வூட்டுக்காரரு?"

"கட்டுன நாள்லேர்ந்து இப்டித்தான்க்கா."

"சரி வாங்க. பாம்பு கீது, பாத்து."

மீன் கூடையைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்துக் கடைக்காரியிடம் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். வலைக் கொட்டகைக்குப் பின்னால், கழி ஓரமாக ஒரு புதர் மிஞ்சியிருந்தது. ஆள் உயரம். வேர்கள் கால் ஊன்றி நிற்கிற மாதிரி மண்ணுக்கு மேலே. அவளே அரிவாள் கொடுத்தாள். நான் அறுத்து அறுத்துப் பின்னால் நீட்டினேன். மல்லிகா இடது கையால் வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். அது நிறைந்ததும் வலது கையை நீட்டினாள்.

"யோவ், குத்துது."

"முள்ளுனா குத்தத்தான் குத்தும்" என்று சொல்லி இன்னொன்றை அறுத்தேன். அறுத்த பிறகுதான் எந்தக் கை என்று உறைத்தது. திரும்பினேன்.

வலது சுட்டுவிரலில் பொட்டு அளவு ரத்தம். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடலை எடுத்து ஒவ்வொரு விரலாக முள்ளில் வைத்து அழுத்திப் பார்த்தாள்.

"இங்க தெரியுது. இங்க தெரில. இங்க கொஞ்சூண்டு."

"இன்னாம்மா, முள்ளுல குத்திகினு சிரிக்கிற? வெயிலு ஏறிச்சா?" என்றாள் கன்னியம்மா.

மல்லிகா கை விஷயத்தைச் சொன்னாள். கன்னியம்மா கேட்டுவிட்டு அந்த விரலைத் தன் முந்தானையால் துடைத்தாள். மடலுக்குக் காசு நீட்டினேன். வாங்கவில்லை. "மீன் வாங்கிகினு போ" என்றாள். சங்கரா மீன் அரைக் கிலோ, நூற்றைம்பது ரூபாய். செதில் எடுத்துக் கொடுத்தாள்.

திரும்பும் பஸ்ஸிலும் உட்கார இடம் கிடைத்தது. மடல் கட்டு என் காலடியில். காம்பை நான் வாங்கி வைத்துக்கொண்டு கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். அரக்குத் திட்டு தவிர மற்ற இடமெல்லாம் வழவழ என்று இருந்தது. உப்புத்தாளை மாற்றி மாற்றிப் போட்டு, இந்த வழவழப்புக்குத்தான் இத்தனை நாள் உழைத்தேன். அவள் விரலுக்கு அது இல்லாத மாதிரிதான். உறுத்தினால்தான் அந்த விரலுக்குத் தெரிகிறது. கண்டிகை வளைவு வருவதற்குள் என்ன செய்வது என்று முடிவாகிவிட்டது.

மடலின் முள்ளைச் சீவி மொட்டை மாடியில் காயவைத்தேன். இரண்டு நாளில் காய்ந்ததும் காம்பை லேத்தில் மாட்டினேன். பழைய அரக்கைக் கடைந்து எடுத்தேன். கூர்மூக்கு உளியால் நெருக்கி நெருக்கி வரி போட்டேன், திருகாணி மரை மாதிரி. சிவப்பு அரக்கை அழுத்தி, மடலை மடித்து வரிக்குள் விட்டுத் தேய்த்தேன். ஒட்டவில்லை, திட்டு விழவில்லை. பளபளப்பு வந்தது, வரியும் நின்றது. காம்பைக் கரண்டியில் மாட்டிக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் மல்லிகா வீட்டு அடுப்பில் கல் வைத்தாள். கரண்டியைப் பிடித்து வரி மேல் விரலை அழுத்தினாள்.

"இருக்குது" என்றாள். கை பிடித்திருப்பது தெரிகிறது என்று அர்த்தம்.

இரண்டு தோசை ஊற்றினாள். இரண்டும் வட்டம் இல்லை. மூன்றாவதில் கரண்டி நழுவிக் கல்லில் விழுந்தது. நான் எழுந்தேன்.

"குந்துய்யா" என்றாள். அவளே எடுத்துக் கழுவித் துடைத்து நான்காவதை ஊற்றினாள்.

நான்கையும் தின்றோம். பிறகு நான் வெளியே போய் வண்டியின் ஷீட்டை எடுத்தேன். டயர் இரண்டும் தட்டையாகக் கிடந்தன. பம்பைக் கொண்டுவந்து காற்று அடித்தேன்.