டெம்ப்ளேட்டின் முதல் வரி

தொண்ணூறுகளின் கடைசியில், பிரேசர் டவுனில் கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒரு சின்ன ஆபீசில் சேர்ந்தேன். கம்ப்யூட்டருக்குள் ஆயிரக்கணக்கில் பயோடேட்டாக்கள். கேட்கிற மாதிரி ஆளைத் தேடி எடுத்துக் கொடுப்பது என் வேலை. தினமும் அதே நீளத் தேடலை அடித்து அடித்து விரல் தேய்ந்ததால், ஒரு டெம்ப்ளேட் எழுதி வைத்தேன். தேடல் அப்படியே இருக்கும். வேலை, ஊர், அனுபவம் என்ற இடங்கள் மட்டும் காலி. நிரப்பித் தட்டினால் முதலாளிகூடத் தேடிவிடலாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

என் வேலை நிரந்தரமாகுமா என்பது அந்த மாதம்தான் முடிவாகும். இல்லையென்றால் விவேக் நகர் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு ஆம்பூருக்கு பஸ் ஏற வேண்டும். அங்கே வீட்டில் ஜாதகக் கட்டோடு காத்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனி ஒன்று அக்கவுண்டண்ட்டுகள் கேட்டது. முதலாளியே முதல் தடவையாக டெம்ப்ளேட்டை நிரப்பித் தட்டினார். அவ்வளவு பெரிய குவியலில் நாலே பேர் வந்தார்கள். வேறு வழியில்லாமல் அவர்களையே இன்டர்வியூவுக்கு அனுப்பினோம். மறுநாள் முதலாளி அந்த நாலு பயோடேட்டாக்களையும் என் மேஜைமேல் வீசினார். மைசூர்க்காரர், ஆனால் என்னைத் தமிழில்தான் திட்டுவார்.

"ஏன்மா, நாலு பேருக்கும் அப்பா பேரு முருகன்! நான் கேட்டது அக்கவுண்டண்ட்டா, காவடிக் கூட்டமா? உங்க ஊர்க்காரங்களாப் பொறுக்கறியா?"

டெம்ப்ளேட்டைத் திறந்தேன். அடக் கடவுளே! பரீட்சைத் தாளானாலும் மளிகைச் சீட்டானாலும் உச்சியில் 'முருகன்' என்று எழுதாமல் எனக்குக் கை ஓடாது. இங்கேயும் முதல் வரியில் இங்கிலீஷ் எழுத்தில் பக்தியாக அடித்து வைத்திருக்கிறேன். அந்த மரமண்டை மென்பொருளுக்குச் சாமியாவது பூதமாவது! அதுவும் தேட வேண்டிய சொல்தான் என்று, அந்தப் பேர் உள்ளவற்றை மட்டும் பொறுக்கியிருக்கிறது.

விஷயத்தைச் சொன்னதும் முதலாளி இன்னும் எகிறினார். "மொதல்ல அதை அழி. அழிச்சிட்டு, நாளையிலேருந்து வர வேணாம்."

அழித்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கூடவே மனசுக்குள் முருகனையும் ஒரு பிடி பிடித்தேன். ஊரில் இருக்கிற எல்லாரையும் விட்டுவிட்டு என் பிழைப்பிலா விளையாட வேண்டும்? அழுகை அழுகையாக வந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

போன் அடித்தது. அந்த எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனிதான். "ஹௌது சார், ஹௌது சார்" என்று தலையாட்டிக்கொண்டே முதலாளி என்னைப் பார்த்தார். போனை வைத்தார்.

"மூணு பேரை எடுத்துக்கிட்டாங்களாம். இதே மாதிரி இன்னும் ஆள் வேணுமாம்."

நான் வாசலைப் பார்த்தபடி நின்றேன்.

"உக்காரும்மா," என்றார். "அந்தப் பேரை இருந்த எடத்துலயே திரும்பப் போடு."