வெள்ளைக்கழிச்சல் இல்ல

எங்க வூட்டுக் கோழிங்களுக்கு வெள்ளைக்கழிச்சல் வந்திருக்கணும், வேற எதுவும் வந்திருக்கக் கூடாதுன்னு சாமிய வேண்டிக்கின பொம்பளை இந்தப் பழவேற்காட்டு ஏரிக்கரையில நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். கோழி வளக்கறவங்களக் கேட்டா சொல்லுவாங்க, வெள்ளைக்கழிச்சல்னா எமன். ஒரு வூட்டுல பூந்துச்சுன்னா தெருவே காலி. அது தெரிஞ்சும் வேண்டிக்கினேன். கிறுக்கச்சின்னு நெனைக்காதீங்க, சொல்றேன்.

அப்ப என் பொண்ணு மாசமா இருந்தா. ஒரே பொண்ணு, தலைப்பிரசவம். அவள பொன்னேரியில குடுத்திருக்கோம். மாப்பிள்ளைக்கு கும்மிடிப்பூண்டி பக்கம் கம்பெனி வேலை, வாடகை வூடு, மாமியாரும் கூடவே இருக்கறாங்க. ஏழாம் மாசம் வளையல் போட்டு அம்மா வூட்டுக்குக் கூட்டியாறதுதானே வழக்கம், அதப் பேசத்தான் போயிருந்தேன். சம்பந்தி காப்பியக் கையில குடுத்துட்டு மெதுவா ஆரம்பிச்சாங்க.

"கூட்டிக்கினு போங்க சம்பந்தி, நான் வேணாங்கல. உங்க ஊரு தண்ணிய நெனச்சாதான் பயமா கீது. பச்ச ஒடம்புக்காரி, கைக்கொழந்த வேற."

எனக்கு வந்துதே ஒரு கோவம். "உங்க மருமவ அந்தத் தண்ணியிலதான் பொறந்து வளந்தா. இன்னா கொறஞ்சு போயிட்டா?"ன்னு கேட்டேன். காப்பிய அப்படியே வெச்சுட்டு எழுந்து வந்துட்டேன். பின்னாடியே பொண்ணு வாசல் வரைக்கும் வந்து, "நீ போம்மா, நான் வந்துருவேன். எனக்கு நம்ம வூட்டுலதான் இருக்கணும்"னு சொன்னா. அவ கண்ணு கலங்கியிருந்துது.

சம்பந்தி சொன்னது பொய்யான்னு கேட்டா, இல்லன்னுதான் சொல்லணும். என் பொண்ணு சின்னதா இருந்தப்ப எங்க வூட்டுப் பின்னாடி மண்ண முழங்கை ஆழத்துக்குத் தோண்டினா நல்ல தண்ணி ஊறும். டம்ளர்ல மொண்டு குடிப்போம். அது போய் கைப்பம்பு ஆச்சு, கைப்பம்பு போய் போர் ஆச்சு. போர்த்தண்ணி மொதல்ல சப்புன்னு இருந்துது, அப்புறம் கரிச்சுது, இப்ப வாய்ல வெக்க முடியாது. குடிக்க, பொங்க கேன் தண்ணி. குளிக்க, தொவைக்க, பாத்திரம் கழுவ எல்லாம் போரு. தலையில ஊத்தினா முடி கயிறாட்டம் ஆயிடும். ஊர்ல எல்லாருக்கும் தெரியும், ஆனா வெளியூர்க்காரன் வாயால கேட்டா ஒருத்தரும் ஒத்துக்க மாட்டோம்.

கோழிங்கள அவளுக்காகத்தான் வளத்தேன். பெத்தவளுக்கு பிராய்லர் குடுக்க எனக்கு மனசு வராது. எங்க பக்கம் கோழிக்குத் தீனின்னு தனியா வாங்கறதில்ல. கருவாடு காயவெக்கற எடத்தப் பெருக்கி வாரினா செதிலும் பொடி மீனும் கூனி இறாலும் கெடைக்கும், அதக் கொட்டினாப் போதும். அதத் துன்னுட்டு ஒவ்வொண்ணும் கைக்கு அடங்காத கனம் இருக்கும்.

வெயில் ஏற ஆரம்பிச்சப்ப மொதல்ல குஞ்சுங்கதான் விழுந்துச்சு. றெக்கையத் தொங்கப் போட்டுக்கினு தண்ணித் தொட்டிய விட்டு நகரவே நகராது. குடிக்கும், தல தூக்கும், மறுபடி குடிக்கும். எச்சம் வெறும் தண்ணியாப் போவும். குஞ்சுங்க போனப்புறம் வெடக்கோழிங்க. அதுங்களுக்கு வயிறு ஊதிக்கிச்சு, நடந்தா ஆடி ஆடி நடக்கும், ரெண்டு நாள்ல சாஞ்சிடும்.

பக்கத்து வூட்டுக்காரி எட்டிப் பாத்துட்டு, "வெள்ளைக்கழிச்சல்தான்க்கா. சாவறதுக்குள்ள அறுத்துக் கொழம்பு வை"ன்னா. அவ அப்படிச் சொன்னதும் என் வயித்துல பால வார்த்த மாதிரி இருந்துது. சீக்குன்னா சீக்கு. பொன்னேரி சம்பந்தி வூட்டுக் கோழிக்குக்கூட வரும். மருந்து இருக்கு, தடுப்பூசி இருக்கு, வந்துட்டுப் போயிடும். தண்ணி மேல பழி வராது. நானே எல்லார்கிட்டயும் சொல்ல ஆரம்பிச்சேன், எங்க கோழிங்களுக்கு வெள்ளைக்கழிச்சல்னு. பொண்ணுகிட்ட போன்லயும் அதத்தான் சொன்னேன்.

வைத்தியம் பாத்தேன். சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி எல்லாம் அம்மியில வெச்சு அரைச்சு, உருட்டி உருட்டி வாயத் தொறந்து போட்டேன். பேதி போற கொழந்தைக்குக் குடுக்கற மாதிரி உப்பு சக்கர கலந்த தண்ணிய சொட்டுச் சொட்டா விட்டேன். என் வூட்டுக்காரரு, "தெம்பு இல்லடி அதுங்களுக்கு, கருவாட்டுத் தூளு கொஞ்சம் தூக்கலாப் போடு"ன்னாரு. அதையும் செஞ்சேன். அவ்ளோ அக்கறையா அதுங்கள நாங்களே கொன்னுக்கினு இருந்தோம்.

ஒண்ணு மட்டும் எனக்கு உள்ளுக்குள்ள உறுத்திக்கினே இருந்துது. நெசமான வெள்ளைக்கழிச்சல நான் பாத்திருக்கேன். கழுத்து திருகிக்கும், எச்சம் பச்சையும் வெள்ளையுமாப் போவும், தொண்டையில கொர்ருன்னு சத்தம் வரும், வந்தா ஊரையே வழிச்சுக்கினு போயிடும். இதுங்களுக்குக் கழுத்து நேராத்தான் இருந்துது. ஒண்ணொண்ணாத்தான் செத்துது. பாத்தேன், பாத்தும் வாயத் தொறக்கல.

அடை வெக்கலாம்னு நான் பொத்திப் பொத்தி வெச்சிருந்த பெரிய பொட்டக்கோழி ஒரு நாள் காலையில தொட்டி ஓரமாவே செத்துக் கெடந்துது. அதுக்கு மேல தாங்கல. இறாலுக்கு வெக்கற தெர்மாகோல் பொட்டியில ஐஸப் போட்டு, கோழிய உள்ள வெச்சு, பொன்னேரி மாட்டாஸ்பத்திரிக்குப் பொறப்பட்டேன். பஸ்ல கண்டக்டரு பொட்டியத் தட்டிப் பாத்து, "இன்னாக்கா, இறாலா நண்டா?"ன்னாரு. கோழின்னேன். "ஏரிக்கரைக்காரங்க இப்ப கோழியும் புடிக்கறீங்களா?"ன்னு சிரிச்சாரு. வேற நாளா இருந்தா நல்லா வாங்கிக் கட்டிக்கினு இருப்பாரு. அன்னிக்குப் பொட்டிய மடிமேல இழுத்து வெச்சுக்கினேன்.

டாக்டரம்மா சின்னப் பொண்ணு, பொறுமையான பொண்ணு. கோழிய மல்லாக்கப் போட்டு வயித்தக் கீறினாங்க. கீறின ஒடனே தண்ணி கொடகொடன்னு கொட்டிச்சு, மேசை ஓரமா வழிஞ்சு என் கால்ல பட்டுது. அவங்க இரைப்பையப் பிரிச்சுக் காட்டினாங்க.

"வெள்ளைக்கழிச்சலா இருந்தா இங்க ரத்தப் பொட்டு பொட்டா இருக்கும்மா. பாருங்க, ஒண்ணுமே இல்ல."

நான் குனிஞ்சு பாத்தேன். மீன் அறுத்து அறுத்துத் தேஞ்ச கை என்னுது, குடல் சுத்தமா இருக்குதா இல்லையான்னு எனக்குத் தெரியாதா? சுத்தமாத்தான் இருந்துது. ஆனாலும், "நல்லாப் பாரும்மா, எங்கனா ஒரு பொட்டாவது இருக்கும்"னு கெஞ்சினேன். அந்தப் பொண்ணு என்ன ஒரு மாதிரியாப் பாத்துது. சீக்கு இல்லன்னு சொன்னா சந்தோசப்படாம, இருக்குன்னு சொல்லச் சொல்லிக் கெஞ்சற பொம்பளைய அது எங்க பாத்திருக்கும்.

"இன்னா தீனி போடறீங்க?"ன்னு கேட்டாங்க. சொன்னேன்.

"தண்ணி?"

"போர்த்தண்ணி."

"நீங்க குடிக்கறதும் அதுதானா?"

"நாங்க எப்படிம்மா குடிப்போம் அத?"ன்னு சொல்லிட்டேன். சொன்னப்புறம்தான் எனக்கே ஒறைச்சுது.

டாக்டரம்மா கையக் கழுவிக்கினே சொன்னாங்க. தீனியில உப்பு இருந்தாலும் நல்ல தண்ணி கெடைச்சா கோழி கழிச்சுத் தள்ளிடும், தண்ணியும் உப்பாயிட்டா உள்ளயே நின்னு கிட்னியும் இருதயமும் போயிடும்னு. நான் பண்ண உப்புத்தண்ணி வைத்தியத்தையும் சொன்னேன், அவங்க கொழாய மூடிட்டுத் திரும்பிப் பாத்தாங்க. மருந்து எழுதித் தாங்கன்னேன். "இதுக்கு நல்ல தண்ணிதாம்மா மருந்து. நாலு கோழியத் தனியா அடைச்சு, கருவாடு போடாம, நீங்க குடிக்கற தண்ணியக் குடுத்துப் பாருங்க"ன்னாங்க.

அங்கேருந்து என் பொண்ணு வூடு நடக்கற தூரம்தான். அன்னிக்குப் போகல.

வூட்டுக்கு வந்து நாலு கோழியப் பஞ்சாரத்துல கவுத்தேன். அரிசி நொய்யி போட்டு, கேன்லருந்து தண்ணி சாய்ச்சு வெச்சேன். என் வூட்டுக்காரரு வலையக்கூட எறக்கி வெக்காம நின்னு பாத்தாரு. "கோழிக்குக் கேன் தண்ணியா? அப்படியே ஏசியும் போட்டுக் குடு"ன்னாரு. பக்கத்து வூட்டுக்காரி, "இன்னாக்கா, கோழிக்கு சீமந்தமா?"ன்னா. ரெண்டு பேருக்கும் நல்லாக் குடுத்தேன்.

உள்ளதச் சொல்லிடறேன். பஞ்சாரத்த ஒவ்வொரு வாட்டி தூக்கறப்பவும், செத்துப் போயிருங்கடின்னுதான் நெனச்சுக்கினு தூக்கினேன். அதுங்க செத்தா டாக்டரம்மா சொன்னது தப்பு. தண்ணி மேல குத்தம் இல்ல. எம்பொண்ணு வரலாம்.

அதுங்க பொழச்சுதுங்க. எச்சம் கட்டிப்பட்டுது, ஊதின வயிறு மெள்ள வத்துச்சு, கொண்ட செவந்துது. நொய்யக் கிண்டிக் கிண்டி ஒண்ண ஒண்ணு கொத்திக்கினு சண்ட போட்டுதுங்க. வெளிய சுத்திக்கினு இருந்ததுங்க மட்டும் தொட்டி தொட்டியாப் போய்க் குடிச்சு, ஒண்ணொண்ணாச் செத்துது. எல்லாத்தையும் அடைக்க எடமும் இல்ல, ஊத்தத் தண்ணியும் இல்ல. பொழச்ச கோழி முன்னாடி ஒக்காந்து நான் அழுதேன். என் வூட்டுக்காரரு அப்பதான் வந்து பக்கத்துல குந்தினாரு.

"போர இன்னும் ஆழமாப் போட்டா?"ன்னாரு.

"எதிர் வூட்டுல போட்டாங்களே. இதவிட கரிக்குது."

"அவ வந்தா அவளுக்கும் கொழந்தைக்கும் கேன்லயே ஊத்துவோம்டி. நான் வாங்கியாறேன்."

"குடிக்க ஊத்தலாம். பெத்தவளுக்குத் தலைக்கு ஊத்தணும், கொழந்தைய தெனம் குளிப்பாட்டணும், துணி அலசணும். எத்தினி கேனுய்யா வாங்குவ? தண்ணி வேன் வராத நாள்ல இன்னா பண்ணுவ?"

அவரு கோழியையே பாத்துக்கினு இருந்தாரு. அப்புறம், "நைனா வந்து கூட்டிக்கினு போறேன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன்"னு மட்டும் சொன்னாரு. ஏரியில எந்தக் காத்துக்கும் அசராத மனுசன், அன்னிக்கு அவரு மொகத்தப் பாக்க எனக்குத் தைரியம் வரல.

மறு வாரம் நாலு கோழியையும் காலக் கட்டிப் பையில போட்டு எடுத்துக்கினு நான் மட்டும் பொன்னேரிக்குப் போனேன். வழியெல்லாம் சம்பந்தி இன்னா சொல்லுவாங்க, நான் இன்னா திருப்பிச் சொல்லணும்னு மனசுக்குள்ள ஓட்டிக்கினே போனேன். அவங்க கதவத் தொறந்தாங்க. பையப் பாத்தாங்க, என்னப் பாத்தாங்க. பைய வாங்கிக்கினு போய்ப் பின்னாடி கட்டி, தண்ணி மொண்டு வெச்சாங்க. ஏதாவது குத்திப் பேசியிருந்தா எனக்குக் கொஞ்சம் நல்லா இருந்திருக்கும்.

பொண்ணு வயித்தத் தாங்கிக்கினு வந்தா. "இன்னாத்துக்கும்மா கோழிய இங்க எடுத்தாந்த? நான்தான் அங்க வந்து துன்னப் போறேனே?"

"இங்கயே துன்னு."

அவ என் பொண்ணு, அவளுக்கு வெளக்கம் வேணாம். "தண்ணியா?"ன்னு கேட்டா. நான் தலைய ஆட்டினேன்.

"குளிக்கறதுக்கு மட்டும்தானேம்மா. எனக்கு ஒண்ணும் ஆவாதும்மா. நான் அந்தத் தண்ணியிலதான வளந்தேன்."

நான் சம்பந்திகிட்ட கத்தின அதே பேச்சு. "வேணாம்டி. பெத்தெடுக்கறப்ப நான் வந்து ஆஸ்பத்திரியில கூட இருக்கேன்"னேன். இங்க ஒத்த ரூமு, அங்க அவ நைனா தனியா, எத்தினி நாள் இருப்பேன்னு அவளும் கேக்கல.

கொஞ்ச நேரம் என் கையப் புடிச்சுக்கினு இருந்தா. அப்புறம், "கொழந்த பொறந்தப்புறம் எடுத்துக்கினு வரட்டுமா?"ன்னா.

"வாயேன். உன் வூடுதான."

"எப்பம்மா?"

பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்லிட்டு எழுந்துட்டேன். அப்ப மணி பதினொண்ணுகூட ஆகல.