சாராயப் போத்தலில் சுடுதண்ணீர்

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்று வளர்த்தது ஆறு பேர். ஆறு பேரும் ஆளாகிவிட்டார்கள். அதில் எனக்குப் பெருமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்றைக்குச் சொல்வது ஐம்பது கோழிக்குஞ்சுகளின் கதை.

மழை ஏமாற்றிய வருஷம் அது. அணையில் தண்ணீர் இல்லையென்று கரண்டை முறை வைத்து வெட்டினார்கள். எங்கள் பக்கம் பின்னேரம் ஆறு மணிக்குப் போனால் ஒன்பதுக்குத்தான் வரும். தோட்டத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கிற எங்கள் லயத்து வீடுகளுக்குக் கரண்டு வந்தே இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

அப்போதுதான் கோழி வளர்க்க விருப்பமுள்ள பெண்களுக்குக் குஞ்சு கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மாத்தளைக்குப் போய் ஐம்பது குஞ்சு வாங்கினேன். பொரித்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. யுத்தம் நடந்த காலம், பஸ்ஸில் வரும்போது பலாபத்வலை ஊருக்கு இந்தப் பக்கம் சோதனைக்காக எல்லாரையும் இறக்கினார்கள். பெட்டியில் என்ன என்று சிப்பாய் கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் ஐம்பதும் சேர்ந்து பதில் சொல்லிவிட்டன. அவன் மூடியைத் தூக்கிப் பார்த்துச் சிரித்து, பத்திரமாகக் கொண்டுபோகச் சொல்லி சிங்களத்தில் வழியனுப்பினான்.

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

"கரண்டு இல்லாத நேரம் பாத்து, பல்பு சூட்டுல வளர்ற குஞ்ச வாங்கியாந்திருக்கியே. இதுல பாதி பொழைக்கட்டும், நானே கூடு அடிச்சுத் தாறேன்."

"அப்ப இப்பவே பலகை தேடி வைங்க" என்றேன்.

வாய் சொல்லிவிட்டாலும் எனக்கும் பயம்தான். தாய்க்கோழி இல்லாத குஞ்சுக்கு முதல் வாரம் சூடு விட்டுப்போகக் கூடாது. குளிர்ந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாகும்.

அன்றைக்குக் கரண்டு போனதும் அவர் மண்ணெண்ணெய்ப் போத்தல் விளக்கைக் கொளுத்திப் பெட்டிக்குள் வைக்கப் போனார். கையைப் பிடித்துவிட்டேன். அடியில் உமி, சுற்றிலும் அட்டை. ஒரு குஞ்சு தட்டிவிட்டால் லயமே எரிந்துபோகும். என் வீட்டில் விளக்கை மேசையில்கூட வைக்க விடமாட்டேன். மணல் போட்ட பேசின் சட்டியில் பாதி புதைத்துத்தான் வைப்பேன். ஐம்பதையும் மடியில் போட்டுச் சேலையால் மூடிக்கொண்டு மூன்று மணி நேரம் குந்தியிருந்தேன். ரொட்டி சுட்டது அவர். கருகிப்போனதை யாரும் கேட்கவில்லை.

மடியிலேயே இரண்டு செத்துப்போய்விட்டன. மறுநாள் விடிந்ததும் லயம் முழுக்கச் சொன்னேன், வீட்டில் இருக்கிற வெறும் போத்தலையெல்லாம் தாருங்கள், சுடுதண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும் என்று.

பின்னேரம் வாசலில் போத்தல் குவிந்தது. முக்கால்வாசி சாராயப் போத்தல். பக்கத்துக் காம்பரா வீட்டு அக்கா ஆறு கொண்டுவந்தார். அவர் வீட்டுக்காரர் சாராயத்தைத் தொட்டதே இல்லை என்று சத்தியம் செய்கிற மனுஷர்.

"கட்டிலுக்கு அடியில இருந்திச்சு" என்றார் அக்கா.

"அது முன்ன இருந்தவங்க விட்டுட்டுப் போனது" என்றார் அந்த அண்ணன்.

"நாம வந்து பதினஞ்சு வருஷமாகியும் வாசம் போகலியோ?" என்றார் அக்கா.

லயமே சிரித்தது. அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டே போய், இன்னும் இரண்டு எடுத்துவந்து வைத்தார்.

கொதிதண்ணீரைக் குளிர்ந்த போத்தலில் ஊற்றினால் வெடித்துவிடும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, பிறகு சுடுதண்ணீரைக் கழுத்துக்குக் கீழே நிற்கும்படி ஊற்றி, இறுக்கி மூடி, வீட்டுக்காரர் கட்டிக் கிழிந்த பழைய சாரத்துணியில் சுற்றிப் பெட்டியின் ஓரமாகப் படுக்க வைப்பேன். ஐந்தரைக்கே எல்லாம் தயாராகிவிடும். கரண்டு போவதற்குள் சமைத்து முடிக்க எல்லா வீட்டிலும் அடுப்பு எரியுமே, ஆளுக்கொரு கேத்தல் தண்ணீர் கொதிக்கவைத்துத் தந்தார்கள். ஆறிய போத்தலை எடுத்தால் அடுத்த வீட்டிலிருந்து சூடானது வரும். வீட்டுக்கு வீடு விளக்கு எதற்கு என்று எல்லாரும் எங்கள் வாசலிலேயே கூடினார்கள். மணல் பேசினில் ஒரே ஒரு விளக்கு. கரண்டு வந்தாலும் எழும்ப மனமில்லாமல் பேச்சு நீளும். குஞ்சுகள் போத்தலில் சாய்ந்து தூங்கும்.

ஒரு வாரம் கழித்து எண்ணிப் பார்த்தேன். பிறகு வீட்டுக்காரரை எண்ணச் சொன்னேன். இரண்டு தரம் எண்ணிவிட்டு, கூட்டுக்குப் பலகை தேடப் போனார். சாராய அண்ணன்தான் பலகையைப் பிடித்தது. முதல் முட்டை அக்காவுக்குப் போனது.

கண்ணு, எழுதினது போதும். இப்போது வாசி. கொஞ்சம் சத்தமாகவே வாசி, உள்ளே இருக்கிற உன் தாத்தாவுக்குக் கேட்கட்டும். நாற்பதுதான் பிழைத்தது என்று இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறார். நாற்பத்தெட்டு.