பாப்பாத்தி அக்கா ஒட்டிய லேபிள்

பாப்பாத்தி அக்கா இன்று காலை இறந்துவிட்டாராம். அக்காவின் மலையூர்ப் பகுதியான தேவனூர் நாட்டிலிருந்து போன் வந்தது.

கொல்லிமலையில் நான் கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்த பள்ளியில் அக்காதான் லேப் அசிஸ்டென்ட். காலையில் மிளகுக் கொடிகளைப் பார்த்துவிட்டு வந்து ஒன்பது மணிக்கு லேபைத் திறப்பார். வந்ததுமே ஏதாவது ஒரு கேள்வி.

ஒரு மழை வாரம். லேபில் தண்ணீர் பாட்டிலில் புது லேபிள்... H₂O (aq).

எனக்குச் சுருக்கென்று கோபம். ப்ளஸ் டூ பிள்ளைகள் முன்னாடியே, "என்னக்கா இது? வெறும் தண்ணி திரவம், அதுக்கு l. தண்ணில ஏதாச்சும் கரைஞ்சிருந்தாத்தான் aq. எத்தனை தடவை சொல்றது?" என்றேன்.

aq-ஐ அடித்து l என்று நானே எழுதினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அக்கா பாட்டிலை அதன் இடத்தில் வைத்துவிட்டு டெஸ்ட் டியூப்களை எடுத்துவைக்கப் போனார்.

அடுத்து உப்புப் பரிசோதனை. ஆளுக்கொரு விதமான உப்பு கொடுத்திருந்தேன். அந்தத் தண்ணீரில் கரைத்து சில்வர் நைட்ரேட் விட்டால்... எல்லோருடைய டெஸ்ட் டியூபிலும் வெள்ளையாகக் கலங்கியது. அந்த வெள்ளை குளோரைடுக்கான அடையாளம். எல்லாமே குளோரைடா? அதெப்படி?

பிள்ளைகள் போனபிறகு அக்கா வாட்ச் கிளாஸ் என்கிற சின்னக் கண்ணாடித் தட்டு ஒன்றை எடுத்து வந்தார். நடுவில் வெள்ளையாக ஒரு படிவு.

"மழைக்கு ரோடு அடைச்சுக்கிச்சுங்க டீச்சர், டிஸ்டில்டு வாட்டர் கேன் மலை மேல வரலீங்க. ஊத்துத் தண்ணியத்தான் புடிச்சு ஊத்தி வெச்சேன். காய்ச்சிப் பாத்தா இது நிக்குது... ஏதோ கரைஞ்சிருக்குதுங்களே, அதான் aq போட்டேன். பிள்ளைங்க முன்னாடி எதுக்குங்க சொல்றதுன்னு இருந்துட்டேன்."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அக்காவுக்கோ வேறு கவலை. "இந்த வெள்ளை என்னதுங்க டீச்சர்?"

கடைசி பஸ் வரும்வரை இரண்டு பேரும் அதையே சோதித்துக்கொண்டிருந்தோம்.

டிரான்ஸ்ஃபரில் நான் கீழே இறங்கிய அன்று ஒரு பாட்டில் மலைத்தேன் கொடுத்தார். லேபிளில் 'தேன்', பக்கத்தில் வெறும் அடைப்புக்குறி. "உள்ள என்ன வரும்னு நீங்களே போட்டுக்கங்க டீச்சர்" என்று ஒரே சிரிப்பு.

தேனில் தண்ணீரைவிடச் சர்க்கரைதானே அதிகம்... அப்படியென்றால் எது எதில் கரைந்திருக்கிறது? இன்னும் யோசிக்கிறேன்.

மறுநாளே வகுப்பில் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. டீச்சர் என்ற வீராப்பு. அது இத்தனை வருடமாக உறுத்துகிறது.

அன்று சிரித்த பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால்... அக்கா எழுதியதுதான் சரி. நான் அடித்ததுதான் தப்பு.

போய் வாங்க அக்கா. தேன் தீர்ந்துவிட்டது, பாட்டில் இருக்கிறது. அந்த அடைப்புக்குறிக்குள் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.