துரை நாய்களுக்கு வீடு பார்த்தது

எங்கள் அத்தை ஆடிக்கு வந்தவள். அப்பாவுக்கு ஒரே தங்கச்சி. காங்கேயத்துப் பக்கம் பெரிய இடத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தை மாதம் கல்யாணம், அந்த வருஷமே ஆடிக்கு வழக்கம்போல் அழைத்து வந்தார்கள். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது. நான் மூன்றாம் வகுப்புக்குப் போன பிறகும், யாராவது விசாரித்தால் அம்மா "ஆடிக்கு வந்திருக்கறாங்க" என்றே சொல்வாள். கேட்டவர்களும் "அப்படீங்களா" என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். கார்த்திகை மாதத்தில்கூட அப்படித்தான். பெரியவர்களுக்கு ஆடி கொஞ்சம் நீளமாக இருக்கும்போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சரவணம்பட்டியில் எங்களுக்குக் கொஞ்சம் சோளக்காடும் இரண்டு எருமைகளும் ஒரு பார வண்டியும் இருந்தன. அப்பா வண்டியோட்டிக் கோயமுத்தூருக்குச் சரக்கு கொண்டுபோவார். அத்தை எருமைப் பாலைத் தூக்குப்போசியில் ஊற்றிக்கொண்டு, மில்லுக்காரர்களின் பங்களாவுக்குத் தினமும் நடந்தே போய் ஊற்றிவிட்டு வருவாள். அங்கே ஒரு ஜெர்மன்காரத் துரை இருந்தார். புது மில்லுக்கு இயந்திரம் பூட்ட வந்தவர். அவர் ஒரு தாய் நாயும் மூன்று வளர்ந்த குட்டிகளும் வைத்திருந்தார். டாபர்மேன் என்று இப்போது என் பேரன் சொல்கிறான். எங்களுக்கு அவை துரை நாய்கள், அவ்வளவுதான்.

சீமையில் சண்டை மூண்டுவிட்டது என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். அதற்கும் நமக்கும் என்ன என்று இருந்தோம். ஒருநாள் காலையில் அத்தை பாலோடு போனால் பங்களா பூட்டிக் கிடக்கிறது. எதிரி தேசத்து ஆள் என்று துரையைப் போலீஸ் வண்டியில் ஏற்றிப் போய்விட்டார்களாம். நாய்கள் பின்னால் கம்பிக் கூண்டுக்குள் கிடந்தன. தண்ணீர்த் தொட்டி வறண்டு போயிருந்தது. புதிதாக வேறு துரை குடிவருவதற்குள் இவற்றைச் சுட்டுவிடச் சொல்லி உத்தரவு என்று அங்கிருந்த மில் மேஸ்திரி சொன்னார். அத்தை போசிப் பாலையெல்லாம் தொட்டியில் ஊற்றினாள். அவை குடித்து முடிந்ததும் கூண்டைத் திறந்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். நாலும் வரிசையாக அவள் பின்னாலேயே வந்துவிட்டன.

ஊரே வாசலுக்கு வந்தது. தாய் நாய் கன்றுக்குட்டி உயரம். கறுப்பு உடம்பு, கால்களில் மட்டும் செம்மண் பூசினாற்போல் நிறம். காதைக் கத்தரித்து நிறுத்தி, வாலையும் அடியோடு எடுத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"காதுமில்ல, வாலுமில்ல. நாய்னு எப்படீம்மா நம்பறது?"

"கொலைக்குதுங்களே," என்றாள் அத்தை.

"எம்பட சம்சாரங்கூடத்தான் கொலைக்கறா."

அவை தமிழில் எது சொன்னாலும் கேட்கவில்லை. துரையின் வாயிலிருந்து கேட்டுப் பழகிய சில சொற்கள் அத்தைக்குத் தெரியும். "பிளாட்ஸ் கண்ணு" என்பாள், நாலும் படுத்துக்கொள்ளும். தாய் நாயை மட்டும் "அம்மணி" என்று கூப்பிட்டாள். என்னையும் அப்படித்தான் கூப்பிடுவாள் என்பதால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே திரும்பிப் பார்ப்போம்.

மாலையில் அப்பா வண்டியை அவிழ்த்துவிட்டு வந்து பார்த்தார். ஒவ்வொன்றும் ஓர் ஆள் சோறு தின்னும் என்பது பார்த்த உடனே தெரிந்தது. மழை பொய்த்த வருஷம் வேறு.

"வர்ற அமாவாசைக்குள்ள எங்காச்சும் ஊடு பாத்துக் குடுத்துபோடு. இல்லீன்னா மேஸ்திரிகிட்டயே கொண்டுபோய் உட்ருவேன்," என்றார். அப்பா சொன்னால் செய்கிற ஆள்.

"பாத்தே குடுக்கறனுங்கண்ணா," என்றாள் அத்தை. சரி என்றுவிட்டாள் என்று அப்பா கால் கழுவப் போய்விட்டார்.

அத்தை சொன்னது வீட்டை நேரில் போய்ப் பார்ப்பதைத்தான் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. நாய் கேட்டு ஆள் வந்தால் கொடுத்து அனுப்ப மாட்டாள். "நாங்க வந்து ஊட்டைப் பாத்துட்டுச் சொல்றோங்க" என்பாள். தனியாகப் போகக்கூடாதே, என்னைக் கூட்டிக்கொள்வாள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது, இன்றைக்கும் வராது. அப்படிப்பட்ட துணைதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

முதலில் போனது பக்கத்து ஊர்த் தோட்டத்துக்காரர் ஒருவர் வீட்டுக்கு. அவருக்கு ஆட்டுப்பட்டிக்குக் காவல் நாய் வேண்டும். எங்களை நேராகக் கட்டுத்தரைக்குக் கூட்டிப் போய், கட்டியிருந்த காளைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். எது எந்தச் சந்தையில் பிடித்தது, எதன் தாய் எவ்வளவு கறந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார். அத்தை கடைசிவரை கேட்டுவிட்டு, "மாடு நல்லா இருக்குதுங்க. ஊட்டைப் பாக்கலாங்களா?" என்றாள்.

அவருக்கு விளங்கவில்லை. இருந்தாலும் கூட்டிப்போனார்.

"நாய்க்குச் சோறு ஆருங்க வெப்பாங்க?"

"பட்டி நாய்க்குச் சோறென்ன அம்மணி? மிஞ்சறதைப் போடறது."

"மிஞ்சலைன்னாங்க?"

அவர் சிரித்தார்.

"காயலாவாப் படுத்துட்டா?"

"எந்திரிச்சாப் பாக்கலாம்."

அவருடைய சம்சாரம் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். சொம்பை நீட்டுவதற்கு முன்னால் புருஷன் முகத்தை ஒருதரம் பார்த்துக்கொண்டார்கள். அத்தை தண்ணீரைக் குடித்துவிட்டு, "வாரனுங்க" என்று எழுந்துவிட்டாள். நாய் எப்போது வரும் என்று அவர் கேட்டார். வராது என்று அத்தை சொன்னாள்.

"ஒரு நாய் குடுக்கறதுக்கு இத்தனை கேள்வியா? பொண்ணு குடுக்கறப்பக்கூட நாங்க இத்தனை கேக்கறதில்லியே."

"ஆமாங்க," என்றாள் அத்தை. "கேக்கறதில்லீங்க."

அந்த மனிதர் சந்தையில் அப்பாவைப் பிடித்துக்கொண்டு இதைச் சொல்லியிருக்கிறார். அன்று சாப்பிடும்போது அப்பா அதை வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தார். அவர் சொன்ன மாதிரியே குரலை மாற்றிச் சொல்லிக் காட்டினார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்து முடித்துப் பார்த்தால் நான் ஒருத்திதான் சிரித்திருக்கிறேன். அம்மா குழம்புச் சட்டியையே கிண்டிக்கொண்டிருந்தாள். அப்பா பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு மாட்டுக்குச் சோளத்தட்டுப் போடப் போனார். அத்தைக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனபோது அப்பா கட்டுத்தரையில் நின்ற காளைகளைப் பார்த்துவிட்டு அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவர் என்று அம்மா என்னிடம் சொன்னதெல்லாம் எனக்குக் கல்யாணமான பிறகு.

ஆண் குட்டியைக் கோயமுத்தூரில் மரக்கடை வைத்திருந்த ராவுத்தர் ஒருவர் கேட்டார். அப்பா சரக்கு இறக்குகிற இடம்தான். வண்டியிலேயே போனோம். அவர் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, அத்தை வாயைத் திறப்பதற்குள் தாமே சொன்னார்: "ஊட்டுக்குள்ள உடமாட்டோங்கம்மா, அது எங்க வழக்கம். இந்த மர அடுக்குக்குப் பக்கத்துல கொட்டாய் போட்டுத் தாரேன். காவக்காரன் சோறு வெப்பான். அவன் ஊருக்குப் போனா நா வந்து வெப்பேன். கறி தினமும் கெடைக்காதுங்க."

திரும்பும்போது அப்பா முணுமுணுத்தார். அந்தத் தோட்டத்துக்காரரைவிட இவர் என்ன உசத்தி, வீட்டுக்குள்ளேயே விடமாட்டேன் என்கிறாரே என்று. "முடியாததை முன்னாடியே சொல்லிப்போட்டாருங்களே," என்றாள் அத்தை. குட்டியை மறுநாளே கொண்டுபோய் விட்டோம்.

பெண் குட்டிகள் இரண்டும் ஒன்றை விட்டு ஒன்று இருக்காது. அவற்றைச் சேர்த்தே கேட்டு வந்தவர் கிணற்றுத் தோட்டம் வைத்திருந்த ஒரு சாதுவான மனிதர். பகலில் சங்கிலியில் கட்டிவிடுவேன் என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, அடுப்படியிலிருந்து அவர் சம்சாரத்தின் குரல் வந்தது.

"நீங்க கட்டுங்க. நா அவுத்து உட்ருவேன்."

"ஊடு பூராக் காலு வெச்சுச் சேறாக்கும்."

"நீங்க வெக்கறதில்லியாக்கும்."

அத்தை அன்று சிரித்ததுபோல் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. குட்டிகளை ஒப்படைக்கும்போது மட்டும், ராவுத்தரிடம் சொன்னதையே அந்த அம்மாளிடமும் சொன்னாள்: "புடிக்காமப் போச்சுன்னா அடிச்சுத் தொரத்தாதீங்க. ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க. எப்பன்னாலும் நாங்க வந்து கூட்டிக்கறோங்க."

அப்பா வண்டியருகில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். அது சரியாகத்தான் இருந்தது.

தாய் நாயைத்தான் ஒருவரும் கேட்கவில்லை. வயதான நாய் பழகாது என்றார்கள். காது நிற்பதைப் பார்த்தாலே குலை நடுங்குகிறது என்றார்கள். அதுவும் மில் இருக்கிற திக்கைப் பார்த்தே படுத்திருந்தது. அத்தை கையில் உருட்டி வைத்தால் இரண்டு கவளம் தின்னும், என் கையிலும் ஒன்று தின்னும். அமாவாசை நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இருப்பது இன்னும் ஒரு நாள் என்று ஆனபோது, அப்பாவிடம் போய்க் கேட்டுவிடுவது என்று நினைத்து அவர் பக்கத்தில் போய் நின்றேன். "என்ன கண்ணு?" என்றார். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன்.

அன்று மத்தியானம்தான் ஒரு சவாரி வண்டி சலங்கை குலுங்க வந்து எங்கள் வாசலில் நின்றது. பூட்டியிருந்த இரண்டும் அசல் காங்கேயம் காளைகள். இறங்கியவரைப் பார்த்ததும் அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே ஓடினாள். கச்சாயப் பலகாரம் சுட எண்ணெய்ச்சட்டி அடுப்பில் ஏறியது. அது அத்தையின் வீட்டுக்காரர், என் மாமா என்று எனக்குத் தெரியக் கொஞ்ச நேரமாயிற்று. அத்தையை அழைத்துப்போக வரும்படி அப்பா எத்தனையோ முறை ஆள் அனுப்பியும் வராதவர் அவர்.

அப்பா கயிற்றுக் கட்டிலைப் போட்டு, துண்டால் தட்டி, உட்காரச் சொன்னார். அப்பா முகம் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்ததில்லை. மாமா உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த ஒரு புதுச் சங்கிலியைப் பக்கத்தில் வைத்தார்.

"தொரை ஊட்டு நாய் இங்க இருக்குதுன்னு கேள்விப்பட்டனுங்க மச்சான்."

மாமா எழுந்து நாயிடம் போனார். சீழ்க்கை அடித்தார், காலால் தட்டினார். அது மில் திக்கிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. கழுத்தைப் பிடித்து இழுத்ததும் பல்லைக் காட்டி உறுமியது. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"ஆரு சொன்னா இது கேக்கும்?"

நான்தான் பக்கத்தில் இருந்தேன். "அத்தை சொன்னா," என்றேன். வந்தவர் ஒருவருக்கு நானாகப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மாமா சிரித்தார். "அப்பறமென்னங்க மச்சான்? அவளையுங் கெளம்பச் சொல்லுங்க. நாய்க்குச் சோறு வெக்க ஓராளு வேணுமில்ல."

அடுப்படி வாசலில் நின்ற அம்மாவுக்கு இதைக் கேட்டதும் முகம் விரிந்தது. சீப்பையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு அத்தையிடம் போனாள். நான் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். குடுக்காதீங்கப்பா, குடுக்காதீங்கப்பா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அப்பா வாயைப் பார்த்தேன்.

அப்பா கட்டிலில் கிடந்த சங்கிலியை ஒருதரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

"பங்குனி மாசம் அவ காயலாவாக் கெடந்தாளே, அப்ப ஆருங்க மாப்பிள்ளை அவளுக்குத் தண்ணி குடுத்தாங்க?"

"எந்தப் பங்குனிங்க?"

"கண்ணாலம் ஆன வருசம்."

"அதெல்லாம் இப்ப ஆருக்குங்க ஞாபகம்."

"எனக்குந் தெரியாதுங்க," என்றார் அப்பா. "நா கேக்கவே இல்ல."

அப்பாவின் குரல் கொஞ்சமும் உயரவில்லை, மரியாதையும் குறையவில்லை.

"நாயைக் குடுக்கறதுக்கில்லீங்க. தங்கச்சியையும் அனுப்பறதுக்கில்லீங்க. கச்சாயம் சுடறாங்க, இருந்து சாப்புட்டுப்போட்டுப் போங்க."

மாமா சாப்பிடவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார். வண்டிக்காரன் மாட்டைத் திருப்பும்போது அத்தை உள்ளேயிருந்து வந்தாள். ஒரு பக்கம் மட்டும் சீவின தலையோடு வந்தாள். கட்டிலில் கிடந்த சங்கிலியை எடுத்துக்கொண்டு, நேராக நடந்து போய், வண்டியில் அவர் காலடியில் வைக்கோலின்மேல் வைத்தாள்.

"இதை மறந்துபோட்டுப் போறீங்க," என்றாள்.

வண்டி போய்விட்டது. உள்ளே கச்சாயம் கரிந்த வாசனை வந்தது. அம்மா யாரையும் திட்டாமல் அந்தக் கரிந்ததையே எனக்குத் தட்டில் போட்டுக் கொடுத்தாள். அப்பாவுக்கு நாய்மேல் இவ்வளவு பிரியமா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். ஆனால் அத்தைமேல்தான் அன்று முழுக்க எனக்கு அங்கலாய்ப்பு. நல்ல புதுச் சங்கிலி, இரண்டு நுனியிலும் பித்தளை வளையம். நாய் நம்முடையது என்று ஆன பிறகு சங்கிலியும் நமக்குத்தானே வேண்டும்? பேசாமல் இருந்திருந்தால் அவர் அதை மறந்தே போயிருப்பார். இவ்வளவு கேள்வி கேட்டு நாய்களுக்கு வீடு பார்த்தவளுக்கு இந்தச் சின்ன விஷயம் தெரியவில்லையே என்று நாயிடம் சொல்லிச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன்.